வண்டி காட்டும் அறிகுறியும் பானட்டுக்குள் பார்க்க வேண்டிய இடமும்

பானட்டுக்குள் இருப்பவற்றை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆயில், கண்ணாடி கழுவும் தண்ணீர், மூடி போட்ட பழைய வகை பேட்டரியின் தண்ணீர் ஆகியவை ஓட ஓடக் குறையும். அவற்றை ஊற்றி நிரப்பலாம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், பிரேக் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் மூன்றும் குறையக் கூடாதவை. மூடிய வட்டத்துக்குள்ளேயே சுற்றுபவை அவை. கூலன்ட் வருடத்துக்கு ஒரு விரல் அளவு இறங்கினாலும், பிரேக் பேட் தேயத் தேயப் பிரேக் ஆயில் மெல்ல இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிட வேகமாக இறங்கினால், எங்கே போனது என்று தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தை நிரப்புகிற கதை.

திறக்கும் முன்

வண்டி சமதரையில் நிற்க வேண்டும், ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்திருக்க வேண்டும், சாவி வெளியே வந்துவிட வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இன்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் விசிறி சூட்டினால் தானாகச் சுற்றும். அது சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. துப்பட்டா, வேட்டி நுனி, தொங்கும் சங்கிலி எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. மோதிரமும் இரும்புப் பட்டை வாட்ச்சும் கழற்றிவிட வேண்டியவை. பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

கடலூர் தேவனாம்பட்டினம், புதுச்சேரி வீராம்பட்டினம் மாதிரி கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில் பானட்டைத் தூக்காமல் இருப்பது நல்லது. வண்டியின் முகம் காற்றைப் பார்த்து நின்றால், காற்று அடியில் புகுந்து பானட்டைப் பின்னால் மடக்கி கீலை வளைத்துவிடும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் தாங்குகம்பி அதன் குழியில் உட்கார்ந்ததா என்று அசைத்துப் பார்த்த பிறகே கையை எடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: நூல் உதிராத பழைய பனியன் துணி, டார்ச், நீள வாய்ப் புனல், ரப்பர் கையுறை, 10 மி.மீ. ஸ்பானர், முடிந்தால் ஒரு சாதாரண மல்டிமீட்டர். துணியை எண்ணி எடுத்துப் போங்கள், எண்ணித் திரும்ப எடுங்கள். சூடான புகைக்குழாய் (எக்ஸாஸ்ட்) பக்கம் மறந்துவிட்ட எண்ணெய்த் துணி தீப்பிடிக்கும்.

காலையில் வண்டிக்கு அடியில் ஈரம்

இரவு நிறுத்தும்போது முன்பக்கம் அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். அட்டையில் சக்கரம் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டால், சொட்டு எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்தது என்பது காலையில் தெரியும்.

நிறமில்லை, மணமில்லை, காய்ந்தால் சுவடும் இல்லை, இடது முன் இருக்கைக்கு நேர் கீழ் இருக்கிறது என்றால் அது ஏசி தண்ணீர். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு சொம்பு அளவு வந்தாலும் கவலை இல்லை. பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என நிறத்தோடு, விரலில் தேய்த்தால் வழவழப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். தேன் நிறமோ கறுப்போ ஆகி அட்டையில் ஊறிப் பரவினால் இன்ஜின் ஆயில். வெளிர் மஞ்சளாக, தண்ணீர் மாதிரி மெல்லியதாக, சக்கரத்தின் உள்பக்கம் விழுந்திருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்று அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

ஆயில் மாற்றிய மறுநாளே ஆயில் சொட்டினால் ஃபில்டரைப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புது ஃபில்டரைப் பூட்டியிருப்பார்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

கீழே கொட்டிய கூலன்டை உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இனிப்புக்காகத் தெருநாய் நக்கும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

சூட்டு முள் ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பி தவளக்குப்பம் வரை முள் அசையாமல் வந்து, முருங்கப்பாக்கம், மரப்பாலம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஏறினால் விசிறியைச் சந்தேகியுங்கள். வேகத்தில் போகும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது விசிறிதான் கதி. மாறாக, நல்ல வேகத்தில் போகும்போதும் ஏறினால் கூலன்ட் குறைவு, திறக்காமல் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்டுக்கு வழிவிடும் வால்வு), அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

விசிறியைச் சோதிப்பது எளிது. இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுவிட்டு, கையை உள்ளே விடாமல் வெளியே நின்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஒரு நிமிடத்துக்குள் விசிறி சுற்றும். சுற்றவில்லையா, ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும். ரேடியேட்டர் விசிறிக்கான ஃபியூஸை உருவி, கம்பி அறுந்திருக்கிறதா பாருங்கள். அதே அளவு ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். புதியதும் உடனே போனால் மோட்டார் சிக்கியிருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டு ஏமாற்றினால் வயர் எரியும்.

நடுவழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் இதைச் சொன்னால் முறைப்பார்கள். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். ஓரமாக நிறுத்தும் வரைக்குமான உபாயம் இது, நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். பானட் இடுக்கில் ஆவி வந்தால் அது அடங்கும் வரை திறக்க வேண்டாம்.

இனி மிக முக்கியமானது. கூலன்ட் டப்பா இரண்டு வகை. வெறும் பிளாஸ்டிக் மூடி, சும்மா இழுத்தால் கழன்று வரும், நடுவில் ஒரு குழாய் இறங்கும் என்றால் அதில் அழுத்தம் கிடையாது. அழுத்தம் ரேடியேட்டர் தலையில் இருக்கும் உலோக மூடிக்குள். திருகு மூடியும் அதன்மேல் எச்சரிக்கைப் படமும் இருந்தால் அந்த டப்பாவே அழுத்தத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடிகள் பெரும்பாலும் 0.9 முதல் 1.1 பார் வரை தாங்கிப் பிடிப்பவை. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். இந்த அழுத்தத்தில் 125 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது, உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பாய்கிறது. ஆகவே குறைந்தது 45 நிமிடம் காத்திருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையுறையோடு அமுக்கினால் தளர்வாக இருக்க வேண்டும், கல்லாக இருந்தால் இன்னும் பொறுங்கள். பிறகு மடித்த தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருகி, சீறல் நின்ற பின் மீதியைத் திருகுங்கள்.

ஊற்றுவது எதை? வண்டிக்குச் சொன்ன வகைக் கூலன்ட். கடையில் கிடைப்பதில் கலந்தே வருவதும் உண்டு, டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டிய கெட்டி வகையும் உண்டு. லேபிளைப் படியுங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் வகை ஒன்று என்று நம்ப வேண்டாம். பொருந்தாத இரண்டு வகை கலந்தால் சில சமயம் கூழாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. கடலோர போர்களில் உப்பு அதிகம். வீட்டுப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டருக்குள்ளும் படியும், அலுமினியத்தையும் அரிக்கும். நடுவழியில் வேறு வழியே இல்லையென்றால் கேன் தண்ணீர் ஊற்றி வீடு சேருங்கள், அடுத்த நாள்களிலேயே முழுதாக வடித்துப் புதுக் கூலன்ட் மாற்றுங்கள். எதுவானாலும் ஆறிய இன்ஜினில் மட்டும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீர் பட்டால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

மட்டம் ஆறிய நிலையில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் நின்றால் போதும். ஏமாற்றும் இடம் ஒன்று: ரிசர்வ் டப்பா நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருப்பது உண்டு. மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால், இன்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்டை உறிஞ்சுவதற்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். எனவே ரேடியேட்டர் தலையில் தனி மூடி உள்ள வண்டிகளில், காலையில் குளிர்ந்திருக்கும்போது அதையும் திறந்து பார்க்க வேண்டும். கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும்.

எங்கும் சொட்டு இல்லை, ஆனாலும் வாரம் தவறாமல் கால் லிட்டர் குறைகிறது, இன்ஜின் ஓடும்போது டப்பாவில் குமிழி வருகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு நிற்காமல் வருகிறது என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அது வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல.

ஆயில் விளக்கு, ஆயில் குச்சி

மீட்டரில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு காட்டுவது அழுத்தத்தை. மட்டம் குறைவதை அது முன்கூட்டிச் சொல்லாது. ஓட்டும்போது எரிந்தால் வீடு பக்கம்தானே என்று போகாதீர்கள். ஓரமாக ஒதுங்கி அப்போதே அணையுங்கள், சில நிமிடத்தில் பேரிங் பிடித்துவிடும்.

மட்டம் பார்க்க: ஓடிய வண்டியை அணைத்து 10 நிமிடம் விடுங்கள், மேலே ஏறிய ஆயில் கீழே வடியட்டும். குச்சியை உருவித் துடைத்து, முழுக்கச் செருகி, மீண்டும் உருவிப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். முதல் தடவை உருவியதில் தெரியும் மட்டம் பொய். குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் அது. இரண்டு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் குறைந்த பக்கத்தையே கணக்கில் எடுங்கள்.

கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடைவெளி பல சிறிய கார்களில் முக்கால் லிட்டரிலிருந்து 1 லிட்டர் வரை. 200 மி.லி. ஊற்றி, 3 நிமிடம் விட்டு, பார்த்து, வேண்டுமென்றால் இன்னொரு 200 மி.லி. முக்கால் பங்கு வந்ததும் நிறுத்திவிடலாம். மேல்குறியைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது, அதிக ஆயில் சீல்களையும் பிதுக்கும். தெரியாமல் அதிகம் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல், குச்சிக் குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டுப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். வாயால் உறிஞ்சுகிற வித்தை வேண்டாம்.

கிரேடு வண்டிப் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அது. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று கடைக்காரர் 20டபிள்யூ-40 எடுத்துக் கொடுப்பார். 0டபிள்யூ-20 கேட்கும் புதிய பெட்ரோல் இன்ஜினின் இடைவெளிகளும் பம்பும் மெல்லிய ஆயிலுக்காக அமைந்தவை. அதில் கெட்டி ஆயில் வேண்டாம்.

குச்சியில் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஓட்டாதீர்கள். ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போல் படிந்து, குச்சி சுத்தமாக இருந்தால் பயம் வேண்டாம். மழைக்காலத்தில் கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல் ஈரம் அங்கே தங்கும். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் நீள ஓட்டினால் போய்விடும். பிஎஸ் 6 டீசல் வண்டியில் ஊற்றாமலே மட்டம் ஏறி, குச்சியில் டீசல் வாடை அடித்தால், புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யும் ஓட்டம் பாதியில் பாதியில் நின்று டீசல் ஆயிலில் இறங்குகிறது. அப்போது தேவை ஆயில் மாற்றமும் வடிகட்டியின் பரிசோதனையும்.

பிரேக் விளக்கு எரிகிறது

ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா பாருங்கள். பாதி நேரம் விஷயம் அவ்வளவுதான். இறங்கியும் எரிந்தால் பின்சுவர் ஓரம், ஓட்டுநர் பக்கம் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். வெளியிலிருந்தே மட்டம் தெரியும், திறக்கத் தேவையில்லை.

மாதக்கணக்கில் மெல்ல இறங்கிக் கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தால், பேட் தேய்ந்த அளவுக்கு ஆயில், பேடை அமுக்கும் காலிப்பருக்குள் போயிருக்கிறது. சக்கர இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள், பேட் 3 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றும் நேரம். இந்த நிலையில் மேல்கோடு வரை ஊற்றினால், புது பேட் போடப் பிஸ்டனை அமுக்கும்போது ஆயில் டப்பா வழியே பொங்கி பெயின்டில் வழியும். பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். கொட்டினால் துடைப்பதைவிட உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

சில நாளில் இறங்கினாலும், பெடல் பஞ்சு போல் அமுங்கினாலும், மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போனாலும் வண்டி நகரக் கூடாது. பல கார்களில் கிளட்சும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது. நான்கு சக்கரமும் காய்ந்திருந்து, கிளட்ச் பெடல் மட்டும் தளர்ந்திருந்தால் ஒழுகல் கிளட்ச் சிலிண்டரில்.

டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பின் அது தாங்க வேண்டிய குறைந்த அளவு 155 டிகிரிதான். காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது அதன் குணம், நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமும் இல்லை. அதனால்தான் 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். போன வருடம் உடைத்து அலமாரியில் வைத்த பாதி பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள். சீல் உடைக்காத சிறிய பாட்டில் வாங்குங்கள், மூடியைச் சுற்றிய மணலைத் துடைத்துவிட்டுத் திறங்கள், ஊற்றியதும் மூடுங்கள். தவறி இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இதில் விழுந்துவிட்டால் பெடலைக்கூட மிதிக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். மிதித்தால் அந்த எண்ணெய் குழாய் முழுக்கப் பரவும். ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் மொத்தமும் மாற்ற வேண்டிவரும்.

செல்ஃப் எடுக்கவில்லை

டிக்டிக்டிக் என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு ‘டக்’, விளக்கு மங்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம். சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினல். வண்டி இரவு முழுக்க நின்ற பின் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குற்றம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுற்றும் பெல்ட்டிலோ, பேட்டரி மேல் பழிபோட வேண்டாம்.

உப்புக்காற்று ஊரில் டெர்மினலில் வெள்ளை, பச்சைப் பொடி பூப்பது சீக்கிரம். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். வரிசை மாறினால் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்க அந்தப் பொறி போதும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும். செல் மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் செத்துவிடும். நன்றாகத் துடைத்து, மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தகடு மூழ்கி அதன்மேல் சுமார் 10 மி.மீ. நின்றால் போதும். ஆசிட் ஊற்றவே வேண்டாம், குறைவது தண்ணீர்தான்.

பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டால்: சிவப்பு முதலில் இறந்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் கடைசி முனை இறந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்பில். பேட்டரி பக்கத்தில் பொறி வராமல் இருக்கத்தான் அந்தக் கடைசி முனை.

சின்னச் சின்ன அறிகுறிகள்

மழைநாள் காலையில் கீச் என்று கத்தி ஒரு நிமிடத்தில் நின்றால் நனைந்த பெல்ட். தினமும் கத்தினால், இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டின் உள்பக்கம் டார்ச் அடியுங்கள். குறுக்கு விரிசல் தெரிந்தால் மாற்றுங்கள். அதன்மேல் எண்ணெய், சோப்பு, பவுடர் எதையும் தடவாதீர்கள்.

கண்ணாடியில் தண்ணீர் பீச்சவில்லை, மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் முனை அடைத்திருக்கும். குண்டூசியால் குத்திவிடலாம். கண்ணாடித் தண்ணீர் டப்பா மூடியில் வைப்பர் படம் இருக்கும், கூலன்ட் மூடியில் வெப்பமானிப் படம் அல்லது எச்சரிக்கை. இரண்டையும் மாற்றி ஊற்றுகிறவர்கள் நிறைய. சோப்புத் தண்ணீர் கூலன்டுக்குள் போய்விட்டால் ஸ்டார்ட் செய்யாமல் வடித்துவிடுங்கள்.

இடது பக்கக் கால்மிதி நனைந்திருக்கிறதா? வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். சவுக்கு நிழலில் நிறுத்தும் வண்டிகளில் ஊசி ஊசியான சருகு அங்கே விழுந்து, மழை பட்டுப் பாயாக முடைந்து, வடிகால் ஓட்டையை அடைத்துவிடும். கையால் வாரி, ஒரு குவளை தண்ணீர் விட்டு, சக்கரத்தின் பின்புறம் வடிகிறதா என்று பாருங்கள். வடிந்தும் கால்மிதி நனைகிறதென்றால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கும்.

ஆரோவில் பக்கச் செம்மண் சாலையில் தினமும் ஓடினால் ஏர் ஃபில்டரைச் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே திறந்து பாருங்கள். தட்டிவிட்டு, உள்ளிருந்து வெளியே மெல்லிய காற்று அடியுங்கள். தண்ணீரில் கழுவக் கூடாது.

மழைக்காலத்தில் எலி ஏறும். இன்ஜின் விளக்கு எரிந்து வண்டி உதறினால் கடிபட்ட வயரைத் தேடுங்கள். புகையிலை கட்டி வைப்பது சில நாள் பலன் தரும், வாடை போனதும் எலி திரும்பிவிடும். சூட்டுக்குப் பூனையும் படுத்திருக்கும், ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது கொட்டியதைப் போன்ற மழையில், நிறுத்திய இடத்திலேயே வண்டி மூழ்கிவிடும். தண்ணீர் வடிந்ததும் கை பரபரக்கும், ஓடுகிறதா என்று பார்க்க. சாவியைப் போடாதீர்கள். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள், ஃபில்டர் நனைந்திருந்தால் தண்ணீர் இன்ஜின் வாய் வரை வந்திருக்கிறது. ஆயில் குச்சியை உருவுங்கள், மட்டம் ஏறியிருந்தாலோ நிறம் வெளுத்திருந்தாலோ உள்ளேயும் புகுந்திருக்கிறது. இரண்டில் ஒன்று இருந்தாலும் ரெக்கவரி வண்டிதான், கயிறு கட்டி இழுத்து கியரில் எடுக்கும் முயற்சி கூடாது. கதவிலும் இருக்கையிலும் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கழுவும் முன்பே நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான்.